ஏழு மாதம் கழித்து

தாயின் தகனத்தன்று குமுதா அழவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கல்லாட்டம் நிக்கிறா பாரு" என்று அத்தை ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டி, தனியாளாகக் குமுதாவை வளர்த்தவள் அம்மா செல்லாயி. அவள் இனி இல்லை என்பது யாரோ ஒருவர் வீட்டுச் செய்தி போல வெளியிலேயே நின்றது.

குமுதா ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். பன்னிரண்டு வருடமாக ஒரே பாதை. ஜூன் மாதம் ஒரு காலை, புந்தோங் சந்திப்பில், இடமா வலமா என்று தெரியாமல் வேனை நிறுத்திவிட்டாள். பின்னால் ஹாரன்கள். "ஆண்ட்டி, லெஃப்ட்லா" என்றாள் ஒரு சிறுமி, பயந்த குரலில்.

அன்று புருஷன் ஜெயபாலனிடம் சொன்னாள்: "நான் நல்ல மனுசி இல்லங்க. உள்ள ஒண்ணுமே இல்ல எனக்கு."

அவன் மறுநாளே கிளினிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் பிரதீபா கழுத்தைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். அடுத்த வாரம் முடிவைக் காட்டி நிதானமாகச் சொன்னார்.

"தைராய்டு சுரப்பி ரொம்ப மெதுவா வேல செய்யுது அக்கா. அந்த ஹார்மோன் மூளைக்கும் வேணும். அது கொறஞ்சா, மூளைக்குள்ள சேதி கொண்டுபோற ரசாயனமெல்லாம் தடுமாறிடும். மறதி வரும், கை காலு சில்லுன்னு இருக்கும், மனசு மரத்துப் போகும்."

"அம்மா செத்தப்ப நான் அழல டாக்டர். அதுவும் இதனாலயா?"

டாக்டர் முடிவுத் தாளை மடித்து வைத்தார். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்க மனசு மேல பழி போடாதீங்க."

தினமும் காலையில், வெறும் வயிற்றில், ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கோப்பியின் கசப்பு நாக்கில் உறைத்தது. பிள்ளைகளின் பெயர்கள் தேடாமலே வந்தன.

ஆகஸ்டில் ஒருநாள் சுங்கை சிப்புட்டிலிருந்து திரும்பும்போது, செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே மிஞ்சியிருந்த ரப்பர் மரங்களின் ஓரம் வேனை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். நல்ல வெயில். மேலே ஒரு காய் பட்டென்று வெடித்தது. விதைகள் சருகில் சிதறின. சின்ன வயதில், அம்மா மரம் வெட்டும்போது பக்கத்தில் நின்று கேட்ட அதே சத்தம்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்விட்டு அழுதாள். ஜெயபாலனை போனில் அழைத்தாள்.

"அம்மா செத்துப் போயிட்டாங்கங்க."

"என்ன சொல்ற குமுதா? ஏழு மாசம் ஆச்சேலா..."

"எனக்கு இப்பதாங்க தெரியுது."

எங்கே நிற்கிறாள் என்று கேட்டுக்கொண்டான். "அங்கயே இரு. வாரேன்."

அழுகையினூடே அவளுக்குத் திகைப்பாக இருந்தது. மிளகளவு மாத்திரை. அதற்குள்ளா இத்தனை பெரிய துக்கம் வரும் வழி இருந்தது? வலித்தது. அந்த வலியை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

ஜெயபாலன் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வேன் படியில் வந்து உட்கார்ந்தான். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தான். ஒரு வருடமாகச் சில்லிட்டே கிடந்த கை. இப்போது வெதுவெதுவென்று, வேர்த்திருந்தது.