ஒரு சமோசாவுக்கு ஒரு வாக்கியம்

காரைக்காலில் அரசாங்கத்தின் குரல் புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு நின்றுபோனது. அந்த நேரத்தில் விளம்பர ஆட்டோவில் மைக்கைப் பிடித்திருந்தவர் கலைவாணன். பதினோரு வருடமாக அரசு அறிவிப்புகளைத் தெருத்தெருவாகச் சொல்லி வருபவர். நல்ல வெண்கலக் குரல். இரண்டு நாளைக்குக் குடிநீர் வராது என்பதைக்கூடக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் சொல்லுவார். அன்று அவர் வாய் அசைந்தது, ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. ஆட்டோ ஓட்டிய ரிஃபாய் சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்த்தான், தெருவே அதிர்ந்தது. மறுபடி அறிவிப்பு, மறுபடி மௌனம். ஆம்ப்ளிஃபயரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள், கடைசியில் ஆட்டோவையே மாற்றினார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். முந்தின வாரம்தான் கோட்டுச்சேரிமேட்டுப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் வண்டவாளம் வெளியே வந்திருந்தது. இரண்டாயிரம் பேர் தங்கக்கூடிய அந்தக் கட்டடம் கோப்பில் மூன்று மாடி, இரண்டு முறை வெள்ளையடித்தது. மண்ணில் ஒரு செங்கல் கிடையாது. அமைச்சர் ரிப்பன் வெட்டியது கட்டடத்தின் படத்தை அச்சடித்த பெரிய ஃப்ளெக்ஸுக்கு முன்னால். விஷயம் வெடித்ததும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அவர் பதவி விலகினார், அதையும் யாரும் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கை முற்றிப்போய், அரசாங்கம் எதைச் சொன்னாலும் காதுவரை வராமல் காற்றிலேயே நின்றுவிட்டது. திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போலீஸ் மைக் வழி சொன்னது கேட்காமல், வெளியூர்க்காரர்கள் ஒரு லாட்ஜை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, தரிசனம் பிரமாதம் என்று ஊர் திரும்பினார்கள். வாய்க்காலில் தண்ணீர் விடும் தேதி தெரியாமல் நெடுங்காட்டு விவசாயிகள் கொக்குகளைப் பார்த்து நாற்று விட்டார்கள். கொக்குகள் சரியாகவே சொல்லியிருந்தன. செல்போனுக்கு வந்த அரசுச் செய்திகளெல்லாம் வெள்ளையாக வந்தன.

கலைவாணனுக்கு இதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்திருந்தது. அந்தத் திறப்பு விழாவிலும் மைக் அவருடையதுதான். தனக்கு ஒன்றும் தெரியாது என்று மனைவி தேவிகாவிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஊருக்குச் சொல்ற அதே குரல்ல எங்கிட்டயும் சொல்றீங்க பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கோட்டுச்சேரிமேட்டில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டு வாசலிலிருந்து கடல் முப்பது அடி. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் நெடுங்காட்டில், மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி என்று வாயை அசைத்து அலுத்துப்போனவர், மைக் திறந்திருப்பதை மறந்து ரிஃபாயிடம், ஆடி மாதம் அவன் பையிலிருந்த சமோசாவைத் தின்றது தான்தான் என்று சொல்லிவிட்டார். “அண்ணே, அது நீங்களா? நான் எம் மச்சானயில்ல சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்!” என்று அவன் கத்தி முடிப்பதற்குள், அவர் சொல்லிவந்த தடுப்பூசி அறிவிப்பில் ஒரு வாக்கியம், ஒன்றே ஒன்று, நாலு வீட்டுக்குக் கணீரென்று கேட்டது. அப்புறம் பழைய மௌனம். கணக்கு இருவருக்கும் அங்கேயே புரிந்துவிட்டது. அலுவலகத்திலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சின்னத் தப்பை ஒப்புக்கொண்டால் நாலைந்து வீட்டுக்குக் கேட்கும், நடுத்தரத் தப்புக்கு ஒரு தெரு. பல ஊர் சேர்ந்த ஒரு கொம்யூன் முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு அதிகாரி கேட்டார். மற்றவர்கள் அவசரமாகச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

கார்த்திகையில் புயல் வந்தது. சாயங்காலம் கரையைக் கடக்கும் என்று தெரிந்தபோது காலை பதினொரு மணி. கோட்டுச்சேரிமேட்டில் நானூறு வீடு. எல்லாரும் மீனை உலர்த்திக்கொண்டிருந்தார்கள், தேவிகாவும்தான். கடலை விட்டு உள்ளே உயரத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. கலைவாணன் ஆட்டோவில் நின்று ஒன்பதாம் வகுப்பில் காப்பியடித்ததைச் சொன்னார், இரண்டு வீட்டுக்குக் கேட்டது. மாமனாரின் குடையைத் தான் பேருந்தில் தொலைத்துவிட்டுக் காற்றின்மேல் பழி போட்டதைச் சொன்னார், மூன்று வீடு. கையிலிருந்த சில்லறைத் தப்புகளெல்லாம் தீர்ந்தன. கடல் அதற்குள் கருத்துவிட்டது. தேவிகா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று அவரையே பார்த்தாள்.

அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். “எனக்கு எல்லாம் தெரியும் தேவிகா. மைக் வயரு இழுக்க அந்த ஃப்ளெக்ஸுக்குப் பின்னாடி போனேன். சவுக்கும் ரெண்டு ஆடுந்தான் இருந்துச்சி. திரும்பி வந்து, ரெண்டாயிரம் பேரு தங்கலாம்னு நாந்தான் சொன்னேன்.”

அதற்குப் பிறகு வந்த அறிவிப்பைக் குரல் என்று சொல்வது குறைவு. தென்னைகள் குரும்பை உதிர்த்தன. பத்தாண்டுகளாகக் காது கேட்காதிருந்த ஒருவர் எழுந்து, ஏன் இப்படிக் கத்துகிறான் என்று கோபித்துக்கொண்டார். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியிலும் கேட்டதாம். அங்குள்ளவர்கள், நம் அரசாங்கமா இவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்று வாசலுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். நானூறு வீட்டாரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். தேவிகா ஆட்டோவில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?”

“மைக்கப் புடுங்கிருப்பாங்க.”

“இப்பயும் புடுங்குவாங்க.”

“புடுங்கட்டும்” என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

புயல் கூரைகளைக் கொண்டுபோனது, ஃப்ளெக்ஸைக் கொண்டுபோனது. ஒரு உயிரும் போகவில்லை. மைக்கையும் யாரும் பிடுங்கவில்லை, அவரைத் தவிர வேறு யார் பேசினாலும் ஒரு தெருவைத் தாண்டவில்லை. அதிலிருந்து காரைக்காலில் எந்த அரசு அறிவிப்பும் ஒப்புதலோடுதான் ஆரம்பிக்கிறது. மின்தடைக்கு ஒரு சமோசா, வரி உயர்வுக்கு ஒரு மத்தியானம். இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட வந்த புது அமைச்சர், காலையில் ஒப்புக்கொள்ள ஆரம்பித்து நான்காம் நாள் மதியம்தான் முடித்தார். ஊர் பாயும் தலையணையும் கொண்டுவந்து கேட்டது. கடைசியில், கட்டித் தருகிறோம் என்று அவர் சொன்னது தெளிவாகவே காதில் விழுந்தது. ஆனாலும் யாரும் கைதட்டவில்லை, எல்லாரும் தேவிகாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, புது ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு செங்கல் இருந்தது. அதன் பிறகுதான் ஊர் கைதட்டியது.