வரவுத்தாள்

மரியகொறற்றிக்கு அன்று வந்தது சாதாரணக் கோபம் இல்லை. கண்டியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் ஒன்பது வருடமாகக் கள உத்தியோகத்தர். எத்தனையோ திருகுதாளங்களைக் கண்டவள். ஆனால் தான் தேதி போட்ட தாளையே பிரதேச செயலகக் கோப்பில் பார்க்க நேரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயம் புதைந்துபோனது. பக்கத்து லயங்களில், வெடித்த சுவர்களுக்குள் இருந்த இருபத்துமூன்று குடும்பங்கள் வேறிடத்தில் காணி கேட்டன. அதைப் பேசத்தான் அவள் கூட்டம் வைத்தாள். கூட்டம் என்றால் வரவுத்தாள் வேண்டும். வந்தவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளைத்தான் யாரோ ஒரு கடிதத்தின் பின்னால் குத்தியிருந்தார்கள். “காணி வேண்டாம், பழைய லயத்தைத் திருத்தித் தந்தால் போதும்” என்று அந்தக் குடும்பங்களே எழுதியதுபோல ஒரு கடிதம். கீழே கட்சி அமைப்பாளர் கிளைவின் சிபாரிசு.

நேரே பணிப்பாளர் சோதிலிங்கத்தின் அறைக்குள் போனாள்.

“சார், இந்தத் தாள் கிளைவ் கைக்கு எப்படிப் போச்சு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான்தான் பிள்ளை குடுத்தனான். நிவாரணத்துக்கு எண்டு கேட்டவர். எங்கட பதிவு புதுப்பிக்கிற நேரம், இல்லையெண்டு சொல்லேலுமே?”

“அப்ப மறுத்து ஒரு கடிதம் குடுங்க.”

“அவையளைப் பகைச்சுக்கொண்டு இஞ்ச வேலை செய்யேலாது. கொஞ்சம் பொறும்.”

பொறுக்கவாம்! மலை பொறுக்குமா? வாசலில் மட்டும் ‘மக்களின் குரல்’ என்று பலகை. வெட்கங்கெட்ட பிழைப்பு.

மறுப்புக் கடிதத்தைத் தானே எழுதிக்கொண்டு மறுநாள் தோட்டத்துக்குப் போனாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சனம் கிளைவைத் திட்டித் தீர்த்தது. ஆனால் கையெழுத்துக்கு அவள் தாளை நீட்டியதும் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

“அன்னைக்கும் நீங்கதானே மிஸ் பேனாவ குடுத்தீங்க?” என்றாள் கொழுந்து பறிக்கும் சுவர்ணா.

மரியகொறற்றிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. கிளைவ் மீதும் சோதிலிங்கம் மீதும் இருந்த கோபமெல்லாம் தன் மீதே திரும்பியது.

“தப்புத்தான்” என்றாள்.

சுவர்ணா தாளை அவள் பக்கமே தள்ளினாள். “எந்த ஆபீஸ்னு காட்டுங்க. நாங்களே வாறோம். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க.”

புதன்கிழமை ஒருநாள் பேரை, அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு இருபத்துமூன்று வீட்டு ஆட்களும் பிரதேச செயலக விறாந்தையை நிறைத்து உட்கார்ந்தார்கள். கடிதம் இருந்தால் தந்துவிட்டுப் போகும்படி எழுதுவினைஞர் விரட்டினார்.

“கடுதாசி இல்லைங்க. அது ஏற்கனவே உங்ககிட்ட ஒன்னு இருக்கு, பொய்க் கடுதாசி” என்றாள் சுவர்ணா. “இப்ப ஆளுங்க வந்திருக்கோம். பெரியவர வெளிய வந்து எங்க மூஞ்சியப் பாத்துக் கேக்கச் சொல்லுங்க, காணி வேணுமா வேணாமான்னு.”