வெண்ணந்தூர்ப் பெண்ணின் இடம்

ஜூன் 10, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். சேலம் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வந்ததை முழுவதும் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். ‘இப்போதைக்கு இடமில்லை, ஜூலை முதல் வாரம் தெரியும்’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வெண்ணந்தூர்ப் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றுதான் நினைக்கிறேன். என் நினைப்பு சரியா என்று தெரியவில்லை.

எழுதி முடித்துவிட்டுத் தமிழினி அதை இன்னொரு முறை படித்தாள். ‘சிறு’ என்ற சொல்லை அடிக்கலாமா என்று யோசித்து, அப்படியே விட்டாள்.

அவள் நாமக்கல்லில் ஒரு கல்லூரியின் மாலை வகுப்பில் கணிதம் முதலாண்டு முடித்திருந்தாள். பகலெல்லாம் புதுச்சத்திரத்தை அடுத்த தோட்டத்தில் அப்பா மயில்சாமியின் கோழிப்பண்ணை வேலை. முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவாள். கீறல் விட்டதைத் தனியாக வைப்பாள். மதியத்துக்கு மேல் குளித்துவிட்டுப் பஸ் ஏறுவாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தன்மேல் பண்ணை வாடை அடிக்கிறதோ என்ற சந்தேகம் அவளை விட்டதில்லை. பஸ்ஸில் யாராவது மூக்கைத் துடைத்தால்கூடத் தன் துப்பட்டா முனையை முகர்ந்து பார்த்துக்கொள்வாள்.

மாலை வகுப்பில் படிப்பு குறைச்சலில்லை. வீடு திரும்புவதுதான் பாடு. கோடையில் ஒருநாள் பஸ் டயர் வெடித்து நடுவழியில் நின்றுவிட, நிறுத்தத்தில் பைக்கோடு காத்திருந்த மயில்சாமி அன்றைக்கே முடிவுசெய்துவிட்டார்.

“பகல் காலேஜு கெடைச்சாப் போ சாமி. இல்லீன்னா இதோட நிறுத்திக்கலாம். ரோட்டுல நின்னு நின்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்குது.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே தமிழினிக்கு அது கடைசி வார்த்தை என்று தெரிந்தது. மறுவாரமே சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு இரண்டாமாண்டு மாறுதல் கேட்டு விண்ணப்பித்தாள். அங்கே இடம் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் முட்டை அட்டை.

அலுவலகத்தில் இருந்த அம்மாள் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பதில் சொன்னாள். “கணக்குல சீட்டு ஃபுல்லும்மா. யாராச்சும் நின்னாத்தான் உண்டு. வெயிட்டிங்குல நீதான் மொத ஆளு.”

“யாருங்க நிப்பாங்க?”

“கல்யாணம் ஆகிப் போறவங்கதான். ரெண்டாம் வருசத்துல எப்பவும் ரெண்டு மூணு பேரு போயிருவாங்க. அதை வெச்சுத்தானே நாங்களே வெயிட்டிங் போடறோம். வெண்ணந்தூர்ல நித்யஸ்ரீன்னு ஒரு புள்ளைக்குப் பாத்துட்டு இருக்காங்களாம். உரக்கடைக்காரர் பொண்ணு. அது அமைஞ்சா உனக்குத்தான்.”

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னாள். பின்னால் மகளோடு நின்றிருந்த ஒரு தாய் தமிழினியின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, “எந்த எடத்துலீங்க பாக்கறாங்க? ஆடிக்குள்ள முடிச்சிருவாங்களா?” என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசை பிடிக்காமல் தமிழினி முகத்தைச் சுளித்தாள். பிறகுதான், அந்தக் கேள்விக்குப் பதில் வரட்டும் என்று தானும் நகராமல் நின்றிருந்ததை உணர்ந்தாள்.

இதைத்தான் அன்று வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மாவிடம் சொல்லியிருந்தாள். பெரியம்மா சாரதாமணி ராசிபுரத்தில் இருப்பவள், அம்மாவின் அக்கா. சொந்தத்தில் யாருக்கு வரன் தேடினாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். அதற்காக ஒரு வாய்க் காபிக்கு மேல் யாரிடமும் வாங்கியதில்லை. ‘நான் கட்டிவெச்ச ஜோடி’ என்று விசேஷ வீட்டுப் பந்தியில் சொல்லிக்கொள்வதுதான் அவளுக்குக் கூலி.

“உரக்கடைக்காரர் பொண்ணா? அட, எனக்குத் தெரிஞ்ச ஊடுதான்” என்றாள். சொல்லிக்கொண்டே போனை எடுத்து, அதில் சேர்த்து வைத்திருந்த ஜாதகங்களை விரலால் தள்ளத் தொடங்கினாள்.

தமிழினி அப்போதே ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படியும் அந்தப் பெண்ணுக்குப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், பெரியம்மா இல்லாவிட்டால் வேறொருவர் என்று சமாதானம் செய்துகொண்டாள். பத்து நாளில் பொருத்தம் பார்த்தாயிற்று என்று செய்தி வந்தது. மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். அம்மா அடுப்படியில் நின்று சந்தோஷப்பட்டாள். “நல்ல எடம். அந்தப் புள்ளைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.” பண்ணையில் முட்டை எடுக்கும்போது தமிழினியின் வாய் அந்த வாக்கியத்தைத் தானாகவே முணுமுணுத்தது. கையில் இருந்தது கெட்டுப்போன ஊளை முட்டை. ஓடு உடைந்து விரலிடுக்கில் வழிந்தது. குழாயடியில் வெகுநேரம் கைகழுவினாள்.

ஜூன் கடைசியில் சாதிச் சான்றிதழ் நகல் தெளிவாக இல்லையென்று கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் கூட்டம். முன்னால் நின்ற உயரமான பெண் திரும்பிப் பார்த்து, “ஒரே ஒரு காப்பிங்களா? அப்ப நீங்க மொதல்ல எடுத்துக்குங்க, என்னுது கட்டா இருக்குது” என்று வழிவிட்டாள். பேச்சு அங்கிருந்து ஆரம்பித்தது.

“எந்த கிளாஸ்?”

“இன்னும் சேரலீங்க. செகண்ட் இயர் மேக்ஸ், மாறுதலுக்குப் போட்டிருக்கேன்.”

அந்தப் பெண் சிரித்தாள். “அப்ப என்ற எடத்துக்குத்தான் வாறீங்க. நான் வெண்ணந்தூர், நித்யஸ்ரீ. ஜன்னலோரம் மூணாவது பெஞ்சு. காத்து வரும், ஆனா தலைக்கு மேல ஃபேன் ஓடாது. மொதல்லயே சொல்லிப்போட்டேன், அப்பறம் என்னையத் திட்டக்கூடாது.”

 கடைக்காரர் நகலை நீட்டியதைத் தமிழினி கவனிக்கவில்லை.

“நிறுத்தறீங்களா?” என்று கேட்டுவைத்தாள்.

“ஞாயித்துக்கெழமை நிச்சயமுங்க. மாப்பிள்ளை ஊட்ல படிப்பு வேண்டாங்கறாங்களாமா. எங்கப்பா கேக்கலாம்னுதான் இருந்தாரு. நடுவுல பேசற அம்மா, அதெல்லாம் கேட்டா வந்த எடம் தட்டிப்போகும்னு சொல்லிட்டாங்க.” அவள் கையிலிருந்த கட்டைத் தட்டிச் சரிசெய்தாள். “இது கூடப் படிக்கற புள்ளைக்கு. என்ற நோட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னா. ஒரிஜினலை நீங்களே வெச்சுக்கறீங்களா? எனக்கெதுக்கு இனிமே.”

“வேண்டாங்க” என்றாள் தமிழினி.

“ஏனுங்க? எழுத்து நல்லாத்தான் இருக்கும்.”

“இல்லீங்க, எனக்கு இன்னும் சீட்டு உறுதியாகல.”

நடுவில் பேசுகிற அம்மாள் யாரென்று தமிழினிக்குத் தெரியும். அவள் தன் பெரியம்மா என்று சொல்வதற்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் நகலை வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். அன்றைய குறிப்பில் ‘நகல் கொடுத்தாயிற்று’ என்று மட்டும் எழுதினாள். பெண்ணைப் பார்த்ததை எழுதினால், சொல்லாமல் வந்ததையும் எழுத வேண்டியிருக்கும்.

ஜூலை மூன்றாம் தேதி சாயங்காலம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. வெண்ணந்தூர்ப் பெண்ணின் அப்பா மறுநாள் மதியம் டிசி வாங்க வருகிறார், அவர் கையெழுத்துப் போட்டதும் அந்த இடம் தமிழினிக்கு, சான்றிதழ்களோடு வந்துவிட வேண்டும் என்று அதே அம்மாள் சொன்னாள். மயில்சாமி அப்போதே ஒரு கோழியை அடித்தார். ராசிபுரத்துக்குப் போன் போட்டு, “நீங்க வந்து சாப்பிட்டாத்தானுங்க இது விசேஷம்” என்று பெரியம்மாவை வரவழைத்தார்.

பெரியம்மா நன்றாகச் சாப்பிட்டாள். கால் எலும்பைக் கடைவாயில் வைத்து உடைத்து, உள்ளே இருந்ததை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை இலையோரம் வரிசையாக வைத்தாள். உதட்டில் எண்ணெய் மினுங்கியது.

“நான் குறுக்க பூந்திருக்காட்டி இது நடந்திருக்குமாங்கறேன்” என்றாள். “மாப்பிள்ளையோட ஆத்தா என்ன சொன்னாங்கறீங்க? ‘புள்ள படிக்கட்டுமுங்க. எங்க பையன் ரிக்கோட வடக்க போனா ஆறு மாசம் ஊட்டுப் பக்கம் வரமாட்டான். அது தனியா உக்காந்து செவுத்தைப் பாத்துட்டு இருக்கறதுக்கு, காலேஜுக்குப் போயிட்டு வரட்டும்’ அப்படீங்கறா. எனக்குப் பொக்குனு போச்சு.”

“அப்பறம்?” மயில்சாமி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“அப்பறம் என்ன. ‘அந்தப் புள்ளைக்கே படிப்புல நாட்டமில்லீங்க, கூச்சத்துல சொல்லமாட்டீங்குது, நீங்களும் கேட்டுச் சங்கடப்படுத்தாதீங்க’ன்னேன். அப்படியே உரக்கடைக்குப் போயி, ‘அவிய படிப்பு வேண்டாங்கறாங்க, இதைப் பேச்சுல எடுத்தீங்கன்னா எடம் போயிரும்’னுட்டேன். ரெண்டு பக்கமும் வாயைத் தொறக்கல. சுபம்.”

மயில்சாமி தோள் குலுங்கச் சிரித்தார். “உங்க மூளை யாருக்குங்க வரும்.”

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் கரண்டியில் ஈரலாகத் தேடி எடுத்து அக்காவின் இலையில் வைத்தாள்.

தமிழினி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தத்தில் நின்று மகளுக்காக ஈரக்கொலை நடுங்கிய மனிதர்தான் இவர். இன்னொருவர் மகளின் படிப்பை நிறுத்திய கதைக்கு இவருக்கு இப்படிச் சிரிப்பு வருகிறது. அவர் பல்லிடுக்கில் ஒரு கறிவேப்பிலை துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் இலையைப் பார்த்தாள். அங்கே பாதி தின்ற தொடைக்கறி இருந்தது.

“பொய்தானுங்களே பெரியம்மா அது” என்றாள்.

“கல்யாணப் பேச்சுல நெசம் மட்டும் பேசுனா ஊருல பாதிப்பேரு தனியாத்தான் திரிவான் கண்ணு. உங்கம்மாளைக் கட்டிக்குடுக்கறப்ப, உங்கப்பனுக்கு மாசம் இத்தனை வருமானம்னு நான் எங்கப்பங்கிட்டச் சொன்னது தெரியுமா உனக்கு?” எல்லாரும் சிரித்தார்கள். “உனக்கோசரந்தானே சாமி அத்தனையும். நீதானே வந்து அந்தப் புள்ள பேரைச் சொன்ன.”

தமிழினி எழுந்து கைகழுவப் போனாள். சோப்பைப் போட்டு, முகர்ந்து பார்த்து, இன்னொரு முறை போட்டாள். கோழி வாடை போகவில்லை. உள்ளே பெரியம்மா, “என்ன, பாதியில எந்திரிச்சுட்டா?” என்பதும், அம்மா, “சந்தோசத்துல சோறு எறங்கலையாட்ட இருக்குது” என்பதும் கேட்டன. தொண்டைக்கு ஏறியதை வாய் பொத்தி விழுங்கினாள். பிறகு தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, விழுங்கியதையெல்லாம் கக்கினாள்.

பெரியம்மாவை பஸ் ஏற்றிவிட அப்பா போனதும் தமிழினி அறைக்கு வந்து உட்கார்ந்தாள். முடிவெடுக்கத் தெரியாதபோதெல்லாம் செய்வதுபோல நாட்குறிப்பின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தாள். இடது பக்கம், வெண்ணந்தூர் போய் உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்கான காரணங்கள். நிச்சயம் முடிந்துவிட்டது. நித்யஸ்ரீயே விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தாள். உண்மை வெளியே வந்தால் பெரியம்மா இந்த வாசலை மிதிக்கமாட்டாள். அம்மா அழுவாள். அப்பா படிப்பை நிறுத்துவார். அதில் சந்தேகமே இல்லை. அந்த இடம் போனால் இந்த வருடம் வேறு இடம் கிடையாது.

வலது பக்கம் எழுத நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. ‘அது நியாயம்’ என்று எழுதி அடித்தாள். நியாயத்துக்காக எழுந்து போகிற ஆள் தான் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளாக இருந்திருந்தால் ஜெராக்ஸ் கடையிலேயே வாய் திறந்திருப்பாள். ‘அவள்மேல் இரக்கம்’ என்று எழுதி அதையும் அடித்தாள். ஒரு நாள் வழிவிட்டவள்மேல் தன் படிப்பையே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இரக்கம் வருமா என்ன. கடைசியில், ‘அந்த பெஞ்சில் உட்கார முடியாது’ என்று எழுதினாள். இதை அடிக்க மனம் வரவில்லை.

மயில்சாமி திரும்பி வந்து கதவருகே நின்றார். வாயில் வெற்றிலை.

“சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்து வெச்சுக்க சாமி. மதியத்துக்குத்தானே? நானும் வாரேன், பஸ்ஸு வேண்டாம், காரு சொல்லிக்கலாம்.”

“நான் காலைலயே கெளம்பறேனுங்கப்பா. ராசிபுரத்துல ஒரு வேலை இருக்குது.”

“என்ன வேலை?”

“வந்து சொல்றேன்.”

 சந்தோஷமான நாளில் எதற்குக் கேள்வி என்று நினைத்தாரோ என்னவோ, அவர் வாசலில் எச்சிலைத் துப்பிவிட்டுப் படுக்கப் போனார்.

தமிழினி புதுப்பக்கம் திருப்பித் தேதி போட்டாள்.

ஜூலை 3, வியாழன்.

இடம் கிடைத்ததாகப் போன் வந்தது. கிடைத்த விதத்தைப் பெரியம்மா சாப்பாட்டின்போது சொன்னாள். எனக்குக் குமட்டுகிறது. நித்யஸ்ரீக்கு நல்லது நினைத்துப் போகிறேனா, என் குமட்டல் தீர வேண்டும் என்று போகிறேனா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

நாளை: முதல் பஸ். ராசிபுரத்தில் மாறி வெண்ணந்தூர். நித்யஸ்ரீயின் அப்பா சேலம் கிளம்புவதற்கு முன் உரக்கடையில் அவரைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் படிக்கட்டும் என்றுதான் சொன்னார்கள், அவர்களையே போனில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். யார் சொன்னது என்று கேட்டால் பெரியம்மா பெயரையும், நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.