கட்டு விட்ட மரம்

போகும்போது கடல் அடங்கிக் கிடந்தது. திரும்பி வரும்போதுதான் அது நடந்தது.

போனவர்கள் இரண்டு ஜோடி. தேவகுமார் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. ஜியாவுதீன் அந்தச் சங்கத்துக்குச் சரிகை போடுகிற வியாபாரி. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒரே வருஷத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். தேவகுமாரின் மனைவி திரிசலாவும் ஜியாவுதீனின் மனைவி மெஹதாபும் சினிமாக் கொட்டகையில் அறிமுகமாகி, புருஷர்களைவிட நெருக்கமாகிவிட்டிருந்தார்கள். பழவேற்காட்டில் ஜியாவுதீனுக்கு ஒரு சின்னம்மா இருந்தாள், உம்முசல்மா. அவள் வீட்டில் இரவு தங்கி, காலையில் கட்டுமரத்தில் தீவுக்குப் போய் மதியத்துக்குள் திரும்பலாம் என்று திட்டம். அது 1968, மாசி மாதம்.

தேவகுமார் வீட்டார் சமணர்கள். அவன் அம்மா கனகமாலாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "மீன் புடிக்கிற மரத்துல போய்க் குந்தணுமா? நம்ம ஜனங்க யாராவது செய்வாங்களா?" என்றாள். தேவகுமார் சிரித்துவிட்டுப் புது டெரிலின் பேண்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

மரத்துக்குச் சொந்தக்காரர் வீராசாமி. காய்ந்து முறுகிய உடம்பு, இடுப்பில் கோவணம், தலையில் ஒரு துண்டு. கூட அவர் தம்பி பழனி. தங்கள் இருவரோடும் சேர்த்து ஆறு பேர் என்றதும் வீராசாமி மரத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார்.

"பாரம் ஜாஸ்திதான் சார். ஏரித் தண்ணி கடலுக்கு எறங்கறதுக்குள்ள திரும்பிடணும். அதுக்கப்புறம் முகத்துவாரத்தாண்ட இழுப்பு இருக்கும்."

"வந்துடலாம்பா" என்றான் ஜியாவுதீன்.

தீவு நன்றாகத்தான் இருந்தது. தென்னையும் தாழையும் மண்டிய மணல். உள்பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. மெஹதாப் தன் கறுப்பு புர்காவைக் கழற்றிச் சுருட்டிச் சாப்பாட்டுப் பையில் திணித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சின்னப் பெண்ணைப்போல ஓடினாள். இருவரும் கிளிஞ்சல் பொறுக்கினார்கள். திரிசலா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பாள். உள்ளே பூச்சி அசைந்தால் அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு வருவாள். அதில் நேரம் போனதே தெரியவில்லை. வீராசாமி இரண்டு முறை வந்து கூப்பிட்டார். இரண்டு முறையும் "இதோ வந்துட்டோம்" என்றவள் திரிசலாதான்.

மரத்தைத் தண்ணீரில் தள்ளியபோது வெயில் உச்சி தாண்டியிருந்தது. காற்றும் எழுந்துவிட்டது.

முன்னால் பழனியும் அவனுக்குப் பின்னால் மெஹதாபும். நடுவில் ஜியாவுதீன், அடுத்து தேவகுமார், அவனை ஒட்டித் திரிசலா. கடைசியில் வீராசாமி துடுப்போடு நின்றார். கட்டுமரத்துக்கு விளிம்பும் கிடையாது, பலகையும் கிடையாது. மரங்களின் இடுக்கு வழியாகக் கீழே பச்சைத் தண்ணீர் தெரியும். ஒவ்வொரு அலைக்கும் இடுப்புவரை நனையும். போகும்போது அதுவே வேடிக்கையாக இருந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முகத்துவாரத்துக்கு நேராக வந்தபோது தண்ணீரின் நிறம் மாறியது. ஏரியின் கலங்கல் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டும் மோதிய இடத்தில் அலைகள் ஒழுங்கில்லாமல் நாலா பக்கமும் எழுந்தன. மரம் கரைக்குப் போகாமல் பக்கவாட்டில், கடலை நோக்கி நழுவியது.

"வலி பழனி! வலிடா!" என்று வீராசாமி கத்தினார்.

அடுத்த அலையில் மரம் தூக்கி அடிக்கப்பட்டது. பின்னால் ஏதோ படீரென்று அறுந்தது. திரிசலா உட்கார்ந்திருந்த மரம் அவளுக்குக் கீழே தானாக நகர்ந்தது. இதுவரை இடுக்காக இருந்தது இப்போது கால் நுழையும் அளவுக்கு வாயைத் திறந்து, மறு அலையில் மூடிக்கொண்டது. அவள் சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். ஒரு கணம் தாமதித்திருந்தால் கணுக்கால் நசுங்கியிருக்கும்.

"பின்கட்டு அறுந்துடுச்சி" என்றார் வீராசாமி. அவர் குரல் இப்போது தணிந்திருந்தது, அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. "முன்கட்டு ஒண்ணுதான் நிக்குது. அதுவும் போச்சின்னா மரம் தனித்தனியாப் பூடும். யாராவது நீந்துவீங்களா?"

ஜியாவுதீன் மட்டும்தான் நீந்தத் தெரிந்தவன். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மறு பேச்சில்லாமல் தண்ணீரில் இறங்கினான். வீராசாமி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பிரிந்துபோகும் மரங்களைத் தோளால் முட்டி நெருக்கினார்கள். வீராசாமி தலைத்துண்டை அவிழ்த்து அடியில் கொடுத்துக் கட்டினார். அலை வந்தது, துண்டு கிழிந்தது. ஜியாவுதீனின் சட்டையை முறுக்கிக் கட்டினார். அது சுற்றி வரவே பற்றவில்லை.

"துணி வேணும். நீட்டா, கெட்டியா துணி எதுனா குடுங்க!"

முன்னால் பழனியின் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "யா அல்லா, யா அல்லா" என்று முனகிக்கொண்டிருந்த மெஹதாப், ஒரு கையால் பையைத் துழாவிப் புர்காவைப் பின்னால் நீட்டினாள். வீராசாமி தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"தையல் துணிம்மா, விட்டுடும். நீளம் வேணும். சீக்கிரம்!"

கரையில் குப்பத்துக் குடிசைகள் சிறுத்துக்கொண்டே போயின. பழனி தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் போடப் போட அவை இன்னும் சிறுத்தன.

திரிசலாவின் கை இடுப்புக்குப் போனது. கொசுவத்தை உருவினாள். நனைந்த நூல் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அப்போது தேவகுமாரின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேண்டாம்" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெளிறிப் போயிருந்தது.

"விடுங்க."

"வேண்டாம் திரிசலா."

"விடுங்கன்னா!"

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மண்டியிட்டு, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சேலையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து வீராசாமியிடம் தள்ளினாள். ஜியாவுதீன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். அதன்பிறகு கரை சேரும்வரை அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீராசாமி சேலையின் ஒரு முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு முங்கினார். நெடுநேரம் தலை தெரியவில்லை. மறுபக்கம் எழுந்து, ஜியாவுதீனிடம் முனையைக் கொடுத்து, மறுபடி முங்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் திரிசலா மேலிருந்து இழுத்துப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது. கடைசிச் சுற்றை வீராசாமி காலால் மரத்தை உதைத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். மரங்கள் முனகிக்கொண்டே ஒன்றோடொன்று சேர்ந்தன.

அதற்குப் பிறகும் கரை எளிதில் வந்துவிடவில்லை. இழுப்பை எதிர்க்காமல் அதன்போக்கில் விட்டு, தெற்கே வெகுதூரம் சுற்றி, வேறொரு குப்பத்தில் மரத்தை ஏற்றினார்கள். கடைசி அலையில் மரம் மணலில் மோதியபோது மெஹதாப் விழுந்தடித்து ஓடிவந்தாள். ஈரம் சொட்டச் சொட்டத் தன் புர்காவைத் திரிசலாவின் தலைவழியாக மாட்டி, பொத்தான்களைப் போட்டு, முகத்தையும் மூடினாள்.

"உனக்கு?" என்றாள் திரிசலா.

"எனக்குச் சேலை இருக்குதே" என்று சொல்லிவிட்டு மெஹதாப் அழுதாள்.

குப்பத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். கறுப்புத் துணிக்குள் மூச்சு முட்ட, ஊரார் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு திரிசலா நடந்தாள். முன்னால் போன தேவகுமாரின் டெரிலின் பேண்ட் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உம்முசல்மா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவள் மாற்றுச் சேலை கொடுத்தாள், காய்ச்சிய பால் கொடுத்தாள். சமண வழக்கப்படி விளக்கு வைத்த பிறகு திரிசலா எதுவும் சாப்பிட மாட்டாள் என்பது தெரியாமல் மனம் வருந்தினாள். மெஹதாப்தான் எடுத்துச் சொன்னாள். தேவகுமாரும் சாப்பிடவில்லை. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். திரிசலா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். நான் செய்தது தப்பா? தப்பென்றால் வேறு என்ன செய்திருக்க முடியும்? இரண்டு கேள்விகளும் விடியும்வரை அவளைத் தூங்க விடவில்லை.

காலை பஸ்ஸில் தேவகுமார் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். "கை எரியுதா?" என்றுகூடக் கேட்கவில்லை. பொன்னேரி, மெட்ராஸ், பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் என்று ஊர்கள் மாறின. அவன் தலை மட்டும் திரும்பவில்லை. முன் இருக்கையிலிருந்து மெஹதாப் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். திரிசலா ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள். காஞ்சிபுரத்தில் இறங்கியதும் ஜியாவுதீன் அவள் முன் வந்து நின்றான். பார்வை தரையில் இருந்தது.

"தங்கச்சி, நீ இல்லன்னா நாங்க யாரும் இல்ல" என்றான். பிறகு தேவகுமாரைப் பார்த்து, "டேய், பேசுடா" என்றான். தேவகுமார் ரிக்‌ஷாக்காரனைக் கூப்பிட்டான்.

ஊரை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் வீட்டு வாசலிலேயே கனகமாலா நின்றிருந்தாள். மருமகள் இறங்கியதும் அவள் கண் சேலையின் மேல் விழுந்தது. பெரிய பெரிய பூப்போட்ட, அந்த வீட்டில் யாரும் கட்டாத சேலை.

"இது யாரு சேலை? உன்னுது எங்க?"

"அலை இழுத்துக்கினு பூடுச்சிம்மா" என்றான் தேவகுமார். நேற்று மதியத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது.

திரிசலாவுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அந்தப் பொய்யை அப்படியே விட்டிருக்கலாம். மாமியார் நம்பியிருப்பாள். ஆனால் ஒரு இரவும் ஒரு பகலும் அடக்கி வைத்தது முட்டிக்கொண்டு வந்தது.

"அலை இழுக்கல அத்தை. நான்தான் அவுத்துக் குடுத்தேன். மரத்துல கட்டு அறுந்துபோச்சி. கட்டறதுக்கு வேற துணி இல்ல."

"யாரு யாரு இருந்தாங்க?" என்றாள் கனகமாலா.

"மரக்காரங்க ரெண்டு பேரு. ஜியாவுதீன் அண்ணன், மெஹதாப், இவரு."

தெருவில் ஒரு மாட்டுவண்டி போயிற்று. அது கடந்து போனதும் கனகமாலா கிட்டே வந்தாள். பிறகு மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகனிடம் திரும்பினாள்.

"இவ அவுத்தா, கட்டினா. நீ இன்னாடா பண்ணிக்கினு இருந்த?"

தேவகுமார் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"நேத்து மத்தியானத்திலேர்ந்து எதுனா துன்னியாம்மா?" என்றாள் கனகமாலா.

"இல்ல அத்தை."

"போ. போய்த் தலைக்கு ஊத்திக்கினு வா. சோறு ஆவுது."

கிணற்றடியில் திரிசலா வாளியை இறக்கினாள். கயிறு உள்ளங்கையில் பட்டதும் வலி உச்சந்தலைக்கு ஏறியது. கயிற்றை விட்டுவிட்டாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தேவகுமார் வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தான். தண்ணீரை அண்டாவில் ஊற்றினான். அவளைப் பார்க்காமலே பேசினான்.

"நான் பேண்ட் போட்டுக்கினு இருந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"அந்தாளு துணி துணின்னு கத்தினாரு இல்ல? டெரிலின், கெட்டியான துணி. கிழிச்சி முடிச்சுப் போட்டிருந்தா ஒரு சுத்து வந்திருக்கும். கட்டு நின்னிருக்குமோ என்னமோ." அவன் வாளியை மறுபடி இறக்கினான். "எனக்குத் தோணாம இல்ல. முதல்லியே தோணிச்சி. மெஹதாப் இருந்தாங்க. அவங்க முன்னால எப்படிக் கழட்டறதுன்னு இருந்திச்சி. அப்படி நினைச்சிக்கினு இருக்கும்போதே நீ..."

"அதுக்குத்தான் என் கையைப் புடிச்சீங்களா?"

"நீ அவுத்துட்டா, நான் அவுக்காதது தெரிஞ்சிடும் இல்ல?"

வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. தேவகுமார் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். திரிசலா ஈரக்கல்லின்மேல் உட்கார்ந்தாள். கோபம் வந்தது. அது நேற்றிலிருந்து இருந்த பயத்தைப்போல இல்லை. இதற்கு ஒரு முகம் இருந்தது, எதிரிலேயே நின்றது, அதனிடம் பேச முடிந்தது.

"ராத்திரி பூரா நான் இன்னா நினைச்சிக்கினு படுத்திருந்தேன் தெரியுமா? என்னைப் பார்க்கவே உங்களுக்கு அசிங்கமா இருக்குதுன்னு நினைச்சேன். அம்மா வூட்டுக்கே போய்டலாமான்னு நினைச்சேன். ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"சொல்ல வரல."

"இப்ப மட்டும் எப்படி வந்துச்சி?"

"அம்மா கேட்டாங்களே."

"அவங்க கேக்கலன்னா?"

அவன் சொல்லாமலே இருந்திருப்பான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்தது. அவன் கயிற்றை இழுத்தான். இரண்டாவது வாளி, மூன்றாவது வாளி என்று அண்டா நிரம்பி வழியும்வரை இறைத்தான்.

"போதும்" என்றாள் திரிசலா. "நீங்க உள்ள போங்க. நான் குளிக்கணும்."

அவன் தயங்கினான். "சாயங்காலம் ஜியா வூட்டுக்குப் போய்ட்டு வரேன். அவன்கிட்டயும் சொல்லிடறேன்."

"நானும் வரேன்" என்றாள் அவள். "நான் மெஹதாபைப் பார்க்கணும். உங்களுக்காக இல்ல."

தேவகுமார் தலையை ஆட்டிவிட்டுப் போனான். சமையலறையில் கனகமாலா அவனைப் பார்த்து ஏதோ உரக்கச் சொல்வதும், அவன் தணிந்த குரலில் பதில் சொல்வதும் கேட்டன. என்ன என்று திரிசலா காது கொடுக்கவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. வலிக்காத விரல்களால் சொம்பைப் பிடித்து, தலையில் இன்னும் நரநரவென்று ஒட்டியிருந்த கடல் மணல் போகும்படி தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள்.