ஒன்பது மணிக்கு மேல் லைன் பிஸி

"அக்கா, தூங்கிட்டியா?"

சின்னவள் போர்வைக்குள் காலை விட்டு ஒரு இடி இடித்தாள்.

"தூங்கிட்டேன்டி."

"போலீஸ் நம்ம வீட்டுக்கு வருமாக்கா?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

அம்மாவுக்குப் போன் கம்பெனியில் வேலை. யார் யாரிடம் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதெல்லாம் அங்கே வருஷக்கணக்காகக் கிடக்கும். போலீஸ் ஒரு நம்பரைக் கேட்டுக் கடிதம் அனுப்பினால் அம்மாவின் பிரிவுதான் எடுத்துத் தரும். கேஸ் நம்பர் போடாவிட்டால் கம்ப்யூட்டர் வாயே திறக்காது. பள்ளி விட்டதும் சின்னவள் அங்கே போய்த்தான் அம்மாவுக்காகக் காத்திருப்பாள். பார்த்துப் பார்த்து அவளுக்கும் அது அத்துப்படி.

வகுப்புத் தோழி குருவியும் அவளும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. அந்தக் குருவியின் போன் இப்போதெல்லாம் ஒன்பது மணிக்கு மேல் பிஸி. கேட்டால், "சும்மாடி" என்பாள். எவளோ புதிதாக வந்து ஒட்டிக்கொண்டுவிட்டாள் என்று சின்னவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எவளின் குரலை, சிரிப்பை, சடையைக்கூட மனசுக்குள் செய்து வைத்து வெறுத்தாள். இன்று சாயங்காலம் அம்மா டீ குடிக்கப் போன நேரம், மேசையிலிருந்த கடிதத்தின் கேஸ் நம்பரைப் போட்டுக் குருவியின் நம்பரைத் தட்டிவிட்டாள்.

"பாக்கத்தான்க்கா நெனச்சேன். அது தானாவே போலீசுக்கும் ஒரு காப்பி அனுப்பிடுச்சு."

"என்ன கேஸு?"

"ஏதோ கடத்தல்."

"அடிப்பாவி! எவனோ கடத்துனதுல அந்தப் பச்சப்புள்ளையக் கோத்து விட்டியா?"

"அவ மட்டும் இல்லக்கா." சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தினம் ராத்திரி அவ பேசுறது ஒரே நம்பர்தான். நம்ம அம்மா நம்பர்."

அக்கா திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா திடுக்கிடவில்லை.

"குருவியோட அம்மா வீட்ட விட்டுப் போனதிலேர்ந்து அவளுக்குத் தூக்கமே இல்ல. நீ பாவம் பாப்பேன்னு உன்கிட்ட மட்டும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டா."

"உனக்கும் தெரியுமா?"

இது இரண்டாவது சூடு. அம்மா நம்பரைப் பார்த்த முதல் சூட்டைவிட இதுதான் அதிகமாகச் சுட்டது.

"இப்ப அதுவா முக்கியம்? அம்மா சீட்லேர்ந்து போயிருக்கு, அம்மா நம்பரும் அதுல இருக்கு. அவங்களே முந்திப் போய்ச் சொன்னா தப்பு நடந்துபோச்சுன்னு ஆகும். போலீஸ் வந்து கேட்டா வேலையே போயிடும். எந்திரி, போய்ச் சொல்லு."

சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அழாத கண்ணு. நான் வைக்க மாட்டேன். நீ தூங்குற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

கண்ணு. சின்னவளை அப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

"அம்மா, போனை வையேன்" என்றாள். குரல் நடுங்கியது. பயத்திலா, பொறாமையிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா நிமிர்ந்து பார்த்து, ஒரு விரலைத் தூக்கி 'இரு' என்று சைகை காட்டினாள். பிறகு கண்ணை மூடி, அந்தப் பக்கத்து அழுகையைக் கேட்டபடியே, மடியிலிருந்த சின்னவளின் பள்ளிச் சட்டையைத் தலைமுடி கோதுவதுபோலத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.