பாட்டு முடிந்த பிறகு ஒரு குரல்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராஜப்பன் ஓட்டல் வைத்திருந்தார். சாப்பாடு சுமார்தான். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. அதற்காகவே லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டினார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து மாங்காய் ஏற்றி பெங்களூர் போகிறவர்கள், மாட்டுப் பண்ணை ஆட்கள், ஜவளகிரிப் பக்கத்திலிருந்து புளி கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் அங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள்.

பாட்டுக் கேட்டார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவர்கள் காத்திருந்தது பாட்டுக்குள் தவறி விழுந்துவிட்ட சத்தங்களுக்காக. ஒரு கீர்த்தனைப் பிளேட்டில், அதாவது இசைத்தட்டில், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் எங்கோ ஒரு காக்கை கத்தும். இன்னொன்றில் தபேலாக்காரர் தொண்டையைச் செருமுவார். ஒரு கோமாளிப் பிளேட்டில் நிஜமான தும்மல் ஒன்று வரும். பின்னால் யாரோ மெதுவாக, "நூறு ஆயுசு" என்பார்கள். எந்தப் பிளேட்டில் எந்த இடம் என்பது ராஜப்பனுக்கு அத்துப்படி. இடம் நெருங்கும்போது ஒரு கையைத் தூக்குவார். வாயில் வைத்த இட்லியை மெல்லாமல் ஆட்கள் காது கொடுப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பிளேட்டு இருந்தது. சந்தைக்குப் போகும் பெண்கள் பாடுவதாக வரும் நாடகப் பாட்டு. பாட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. பாட்டு முடிந்து, ஆர்மோனியமும் ஓய்ந்த பிறகு, ஊசி நடு வட்டத்தை எட்டுவதற்குள் ஒரு பெண்குரல் கேட்கும்.

"இன்னும் எவ்ளோ நேரம்யா?"

அவ்வளவுதான். கடை குலுங்கிவிடும். "இன்னொரு வாட்டி வைங்க மொதலாளி" என்று சத்தம் போடுவார்கள். ராஜப்பன் ஊசியை எடுத்து, கடைசிக் கோடுகளில் மறுபடி வைப்பார். தமிழில் வேறு ஒரு வார்த்தை தெரியாத கன்னட டிரைவர்கள்கூட அதை மட்டும் பிசகில்லாமல் சொல்லுவார்கள். பஸ் தாமதமானால் சொன்னார்கள். முடி வெட்டும் கடையில் சொன்னார்கள். தோசை வரத் தாமதமானால், சமையல்கட்டின் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, அந்தப் பெண் இழுத்த மாதிரியே இழுத்துச் சொன்னார்கள்.

ஜன்னலுக்கு உள்ளே தோசைக்கல் முன்னால் நின்றவள் மாதம்மாள். பிளேட்டில் இருந்த குரல் அவளுடையது.

அது யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. முதல் தடவை அது கல்லாப் பக்கத்திலிருந்து காதில் விழுந்தபோது, கரண்டியைப் பிடித்திருந்த கை சற்று நின்றது. தோசை தீய்ந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை ஊற்றினாள். அதற்குப் பிறகு எண்ணெய் பொரிவதைப் போல, பஸ் ஆரனைப் போல, அதுவும் ஒரு சத்தம்.

கல்லாவி என்ற ஊரில் பிறந்தவள் மாதம்மாள். புருஷன் முனிவேல் ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தான். அவளுக்கும் குரல் இருந்ததால் பின்பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போனார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆன சமயம், பெங்களூரில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்துப் பிளேட்டு எடுக்கிறார்கள், நம் கம்பெனிப் பாட்டையும் கேட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் போனார்கள்.

அன்று குழந்தைக்குக் காய்ச்சல். காலையில் பால் குடித்தது. பிறகு கக்கிவிட்டது. ரெக்கார்டு எடுக்கும் அறையில் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். குழந்தையை உள்ளே விட முடியாது என்றார்கள். கம்பெனிச் சமையல்காரி அதை மடியில் போட்டுக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு பாட்டு மாதா. முடிஞ்சதும் டாக்டர்கிட்ட தூக்கிக்கினு ஓடிடலாம்" என்றான் முனிவேல்.

ஒரே ஒரு பாட்டுத்தான். ஆனால் ஒரு தடவை ராஜபார்ட் நடிகர் அடியை மறந்தார். ஒரு தடவை மிருதங்கம் அதிகமாகக் கேட்டது. ஒரு தடவை வெளியே ஜட்கா வண்டி மணி அடித்தது. ஒவ்வொரு தடவையும் மெழுகுத் தட்டைக் கழற்றி வேறு போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் மூச்சுவிடக் கூடாது. கடைசியாக ஒரு தட்டுத்தான் மிச்சம் என்றார்கள். அதில் பாட்டு சரியாக வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து மாதம்மாள் பக்கத்தில் இருந்த முனிவேலிடம் கேட்டாள். சிவப்பு விளக்கு அணையவில்லை.

பிளேட்டு எடுத்தவர் அவளை முறைத்தார். பிறகு, "போகட்டும், பாட்டு நன்றாக வந்திருக்கிறது" என்று விட்டுவிட்டார்.

டாக்டர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் மருந்து கொடுத்தார். சாயங்கால பஸ்ஸில் ஓசூருக்குக் கிளம்பினார்கள். அத்திப்பள்ளிக்கு முன்பாகவே குழந்தையின் கை ஜில்லிட்டுவிட்டது. இருவருக்கும் தெரிந்தது. மாதம்மாள் துணியை இழுத்து மூடினாள். மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு. எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, மைசூர்ப் பக்கத்திலிருந்து சாராயம் வருகிறதா என்று போலீஸ்காரர்கள் மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். மாதம்மாள் மடியில் போர்த்தி வைத்திருந்த துணியையும் விலக்கச் சொன்னார்கள். விலக்கினாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். பிணத்தை ஏற்றிக்கொண்டு போக முடியாது என்று கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அங்கேயே இறங்கி, ஏரிக்கரை ஓரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, நடந்தே ஓசூர் வந்து சேர்ந்தார்கள். கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை. முனிவேல் ஆர்மோனியத்தை விற்றுவிட்டு கல் குவாரி வேலைக்குப் போனான். அதைப்பற்றி அவர்கள் பிறகு பேசியதே கிடையாது. வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

ஒரு சந்தை நாள் மத்தியானம், தலை நரைத்த ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டலுக்குள் வந்தார். பழைய கம்பெனியில் மிருதங்கம் வாசித்த திம்மப்பன். கை கழுவப் பின்பக்கம் போனவர் சமையல்கட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அரே, மாதம்மா! நீயா? இங்கியா இருக்கே?"

"வாங்கண்ணே" என்றாள் மாதம்மாள். "நல்லா இருக்கீங்களா?"

அதற்குள் முன்பக்கம் பிளேட்டு ஓடி, அந்த வார்த்தை வந்து, சிரிப்பும் வந்தது. திம்மப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்லாவுக்கு ஓடினார்.

"யோவ் மொதலாளி, யாரை உள்ளே நிக்க வெச்சிக்கினு யாரைக் கேட்டுக்கினு இருக்கே? அது இவதான்யா! நான் மிருதங்கத்தோட பக்கத்திலேயே உக்காந்திருந்தேன்!"

ராஜப்பன் எழுந்தே நின்றுவிட்டார். சமையல்கட்டு வாசலுக்கு வந்தார்.

"மாதம்மா, நெசமா?"

"ஆமாங்க."

"இத்தினி நாளா ஒரு வார்த்தை சொல்லலியே நீ! வா, வா, வெளியே வா."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவர் பின்வரிசையில் எழுந்து நின்று பார்த்தார். ராஜப்பன் கையைத் தூக்கினார், பிளேட்டுக்குத் தூக்குவது போலவே.

"சொல்லு மாதம்மா. ஒரே ஒரு வாட்டி."

சொல்வதா வேண்டாமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. கல்லில் தோசை கிடக்கிறதே என்றுதான் நினைத்தாள். சொன்னாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்யா."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு லாரிக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"அது மாதிரி இல்லியே. பிளேட்டுல இருக்கிறது வேற."

"கொஞ்சம் இழுத்துச் சொல்லணும்மா" என்று இன்னொருவர் சொல்லிக் காட்டினார். அவருக்குச் சிரித்தார்கள். ராஜப்பன் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, "வயசாயிருச்சில்ல" என்றார். மாதம்மாள் உள்ளே போனாள். தோசையின் ஒரு பக்கம் கருகியிருந்தது.

திம்மப்பன் சாப்பிட்டுவிட்டு, சொல்லிக்கொண்டு போகச் சமையல்கட்டுக்கு வந்தார். ராஜப்பனின் மனைவி சரசம்மா அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா உன் பொண்ணு? பள்ளிக்கூடம் போவுதா?" என்று கேட்டார் திம்மப்பன். பெங்களூரிலிருந்து அவர் நேரே தன் ஊருக்குப் போய்விட்டவர்.

"இல்லீங்கண்ணே. அன்னிக்கே போயிடுச்சி."

"எங்கே?"

"செத்துப்போச்சி. அன்னிக்கு பஸ்ஸுலியே."

கீரைக்கட்டு சரசம்மா மடியிலிருந்து சரிந்தது.

"தெரியாதும்மா... என் வீட்டுல அந்த பிளேட்டு வைக்கிறப்பல்லாம் பிள்ளைங்ககிட்ட சொல்லுவேன். நடுவுல பாட்டு மெதுவா எறங்குற எடத்துல, வெளியே ஒரு கொழந்த அழுவுற சத்தம் கேக்குது பாரு, அது மாதம்மா பொண்ணுன்னு..." என்ற திம்மப்பன், இதை ஏன் சொன்னோம் என்பது போல வாயைப் பொத்திக்கொண்டார். பஸ் ஆரன் அடித்தது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

சரசம்மா எல்லாவற்றையும் கேட்டாள். மாதம்மாள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். சரசம்மாதான் அழுதாள். அன்று மாலை ராஜப்பன் அந்தப் பிளேட்டை உறையில் போட்டு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். யார் கேட்டாலும், "உடைஞ்சிபோச்சி" என்றார். இரண்டு மூன்று பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூட்டம் குறைந்ததும் மாதம்மாள் கல்லாவுக்கு வந்தாள்.

"அந்த பிளேட்டை ஒரு வாட்டி வைங்க."

"வேணாம்மா. தெரியாம இத்தினி நாளா..."

"நீங்க என்ன பண்ணுவீங்க. வைங்க. மொதல்லேருந்து."

ராஜப்பன் பிளேட்டை எடுத்து வைத்து, கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்தார். ஊசியைப் புதிதாக மாற்றினார். மாதம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, புனல் வாயருகே காதைக் கொண்டுபோனாள். அவள் இதுவரை அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டதே இல்லை. ராஜபார்ட்டின் குரல் வந்தது. மூன்று பெண்கள் பாடினார்கள். அதில் தன் குரல் எது என்று அவளுக்கே தெரியவில்லை. பாட்டு மெதுவாக இறங்கியது. கரகரப்புக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. மெல்லிசாக, விட்டு விட்டு. ராஜப்பன் முகம் வெளுத்தது. அவர் அவளையே பார்த்தார்.

மாதம்மாள் இன்னும் குனிந்தாள். சத்தம் மறுபடி வந்தது. ஒரே சீராக, தாளத்துக்குத் தப்பாமல் வந்தது.

"அது துருத்தி" என்றாள்.

"என்னம்மா?"

"ஆர்மோனியத்து துருத்தி. அதுல தோல் கிழிஞ்சிருந்துது. அமுக்குறப்பல்லாம் அப்படித்தான் கத்தும். கொழந்த இல்லீங்க."

கடைசியில் இருந்த தன் வார்த்தையையும் கேட்டுவிட்டு எழுந்தாள். அது யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரல். லாரிக்காரர் சொன்னது சரிதான். "எடுத்து வைக்க வேணாம். கேக்குறவங்க கேக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்லே" என்று சொல்லிவிட்டு அரிசி ஊற வைக்கப் போனாள். உண்மையாகவே ஒன்றுமில்லைதான். பசித்தது. ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

சாயங்காலம் முனிவேல் குவாரியிலிருந்து வந்து, வீட்டு வாசலில் நின்று தலையிலும் மீசையிலும் படிந்திருந்த கல்தூளைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றியபடியே சொன்னாள்.

"இன்னிக்கு அந்த பிளேட்டைக் கேட்டேன்யா. முழுசா."

அவன் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றான். "எதுக்கு?"

"திம்மப்பண்ணன் வந்தாரு. பாப்பா அழுவுற சத்தம் அதுல இருக்குதுன்னாரு."

"இல்லே. அது துருத்தி."

மாதம்மாள் சொம்பைத் தாழ்த்தினாள். "நீ எப்பக் கேட்டே?"

"ராயக்கோட்டையில ஒரு கல்யாண வீட்டுல வெச்சாங்க. எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துது. பந்தல்காலைப் பிடிச்சிக்கினு நின்னுட்டேன். அப்புறம் தெரிஞ்சிபோச்சி." கண்ணை மூடிக்கொண்டே முகத்தைக் கழுவினான். "உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன். சொல்லலே."

"சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவன், "அத்திப்பள்ளிக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா?" என்றான். அவள் சரி என்றாள்.

குவாரி விடுமுறை நாளில் காலை பஸ்ஸில் போனார்கள். ராஜ்யங்களின் எல்லையைக் கொஞ்ச காலம் முன்புதான் புதிதாக வரைந்திருந்தார்கள். சோதனைச் சாவடி இருந்த இடத்திலேயே இருந்தது. ரோடு அகலமாகியிருந்தது. ஏரிக்கரையில் மண் எடுத்து ரோட்டுக்குப் போட்டிருந்தார்கள். இருவரும் கரை முழுக்க நடந்தார்கள். ஒரு கருவேல மரத்தடி என்று மாதம்மாளுக்கு ஞாபகம். புளியமரம் என்றான் முனிவேல். இரண்டு மரமும் அங்கே இல்லை.

"இந்தப் பக்கந்தான் இருக்கணும்" என்றான். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஓர் எருமை மேய்ந்துகொண்டிருந்தது. அழுகை வரும் என்று எண்ணித்தான் வந்தாள். வரவில்லை. வெயில் ஏறிவிட்டது.

ரோட்டோரத்தில் ஒரு பெண் வெள்ளரிக்காய் விற்றாள். கன்னடத்தில் கூப்பிட்டாள். முனிவேல் வாங்கி வந்தான். கீறி, உப்பும் மிளகாயும் தடவியிருந்தது. கரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"காவேரிக்கு இப்ப ஏழு நடக்கும்" என்றான் முனிவேல்.

குழந்தையின் பெயரை அவன் வாயால் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மாதம்மாள் தலையாட்டினாள். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சாவடியில் போலீஸ்காரர் ஏறி, கூடைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். மூக்கண்டப்பள்ளி வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.