படிக்காமல் பரிந்துரைத்த பத்து நூல்கள்

மனித சமுதாயத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட எல்லா நூல்களையும், இனிமேல் எழுதப்படப்போகும் நூல்களையும், ஒரு பக்கம்கூடப் படிக்காமல் சரியாகப் பரிந்துரைக்க முடியும் என்று உலகத்திலேயே முதன்முதலாக நிறுவியவன் நான். இதை மிகுந்த தன்னடக்கத்தோடுதான் சொல்கிறேன். ஆதாரம் எங்கள் கல்லூரி நூலகத்தின் வாசற்கதவில், நான்கு மூலையிலும் டேப் ஒட்டப்பட்டு, எல்லோரும் பார்க்கும்படி இருந்தது.

முறை எளிமையானது. பின்னட்டை, பொருளடக்கம், தொண்ணூற்றொன்பதாம் பக்கத்தில் ஏதாவது ஒரு வரி. மூன்றும் போதும். கதைப் புத்தகம் என்றால் கொஞ்சம் ஆபத்து உண்டு. நாம் பாராட்டிக்கொண்டிருக்கும் ஆள் நூறாவது பக்கத்தில் செத்துப்போயிருப்பார். சமுதாயம், பண்பாடு, சிந்தனை முறை என்று எழுதுகிறவர்கள் அப்படியெல்லாம் நம்மைக் கைவிட மாட்டார்கள். மனிதன் சிக்கலானவன் என்று தொடங்குவார்கள். நாம் நினைத்ததைவிடச் சிக்கலானவன் என்று முடிப்பார்கள். நடுவில் இருப்பது காகிதம்.

பட்டியல் போடச் சொன்னது நூலகர் மேடம்.

"தம்பி, அந்தக் கடைசி அலமாரிப் பக்கம் ஒரு ஈ காக்கா வர்றதில்ல. பத்து புத்தகம் தேர்ந்தெடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி எழுதிக் குடுப்பா. நீ சுவர்ப் பத்திரிகையில எழுதினா நாலு பேரு நின்னு பார்க்கறாங்க."

"திட்டறதுக்குத்தான் மேடம் நிக்கறாங்க."

"நிக்கறாங்கல்ல? அது போதும்."

இரண்டு மணி நேரத்தில் பத்தையும் முடித்தேன். மனிதர்கள் வரிசையில் நிற்பதைப் பற்றிய நூலுக்கு, 'நம் கால்கள் நமக்குத் தெரியாமல் எழுதிய வரலாறு' என்று எழுதினேன். பொது இடங்களின் இரைச்சலைப் பற்றிய நூலுக்கு, 'அமைதியாகப் படிக்க முடியாத புத்தகம்'. ஆறாவதாக வந்தது பச்சை அட்டை போட்ட தடிமனான ஒன்று. ஒரு பெண் ஆய்வாளர் பதினோரு வருடங்கள், நானூறு வீடுகளில் போய் உட்கார்ந்து, குடும்பங்கள் எப்படிச் சண்டை போடுகின்றன என்று பார்த்து எழுதியது. பின்னட்டை அப்படித்தான் சொன்னது. பொருளடக்கத்தில் ஏழாவது அத்தியாயத்தின் தலைப்பு, 'எழுதி வாசித்துக் காட்டுதல்'. எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. 'பேச்சு நின்றுபோன வீடுகளுக்கு ஏழாவது அத்தியாயம் மருந்து' என்று எழுதி, மருந்து என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன்.

பட்டியலின் ஒரு பிரதியை வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். படிப்புக்காக நான் தங்கியிருந்த சித்தப்பா வீடு அது. அந்த வீட்டிலும் ஒரு பேச்சு நின்றுபோயிருந்தது என்பது ஒட்டும்போது என் நினைவுக்கு வரவில்லை. பட்டியலில் என் பெயர் நேராக இருக்கிறதா என்பதில்தான் என் கவனம் இருந்தது.

நடந்தது இதுதான். சித்தப்பாவின் ஒரே மகளுக்கு, எனக்கு மூன்று வயது மூத்த அக்காவுக்கு, வேறு ஊரில் நில அளவையாளராக வேலை கிடைத்தது. சித்தப்பா யாரிடமும் சொல்லாமல் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு, மேலாளரிடம், "எங்க பொண்ணு கொஞ்சம் பயந்த சுபாவம் சார், பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். மேலாளர் நல்ல மனிதராக இருக்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோரிடமும் அக்கறையோடு சொல்லி வைத்திருக்கிறார். சேருவதற்கு முன்பே அக்காவுக்கு அங்கே பெயர் வைத்தாகிவிட்டது: பயந்த சுபாவம். வேலைக்கான வாட்ஸப் குழுவில் சேர்த்த அன்றே ஒருவர், "வாங்க பயந்த சுபாவம்!" என்று வரவேற்றார்.

அன்றிலிருந்து அக்கா சித்தப்பாவோடு பேசவில்லை. பட்டியல் ஒட்டியபோது பதினாறு நாள் ஆகியிருந்தது. மூன்று வாரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில். அவள் ஒரு வார்த்தையும் பேசாமலே ஏறிப் போய்விடுவாளோ என்று சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. சித்திக்குக் கோபம். "அப்பனும் மகளும் என்னை வெச்சுத்தான் குடும்பம் நடத்தறாங்க. உப்பு எங்கன்னு அவரைக் கேளுன்னு இவ சொல்றா, உப்பு அவ கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லுன்னு அவர் சொல்றாரு. நான் என்ன தபால் பெட்டியா?"

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். ஃப்ரிட்ஜில் தண்ணீர் எடுக்கப் போனவர் பட்டியலின் முன்னால் வெகுநேரம் நின்றார். கதவு திறந்தே கிடந்ததால் ஃப்ரிட்ஜ் 'கீங் கீங்' என்று கத்தியது.

"டேய் தம்பி. இந்த ஆறாவது புத்தகம் கிடைக்குமா?"

என் நூலக அட்டையில் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

அவர் புத்தகம் படிக்கிற அழகைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் செய்தித்தாளால் அட்டை போடுவார். பிறகு கருவிப் பெட்டியிலிருந்து ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் துடைத்து, படிக்கிற வரிக்குக் கீழே வைப்பார். உதடு அசையும். வரி முடிந்ததும் ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்குவார். புரியாவிட்டால் ஒரு வரி மேலே ஏற்றுவார். லிஃப்ட்டையே அப்படி ஓட்டிப் பழகியவர். ஒரு நாளைக்கு நான்கு பக்கம். புத்தகம் நானூற்றுப் பத்துப் பக்கம்.

"என்ன சித்தப்பா, எழுத்து லெவலா இருக்கான்னு பார்க்கறீங்களா?"

"சிரிடா. ஸ்கேல் இல்லன்னா கண்ணு முன்னாடி ஓடிடுது."

"ஓடினா நல்லதுதானே, சீக்கிரம் முடியும். இந்த வேகத்துல ஏழாவது அத்தியாயத்துக்கு நீங்க போறதுக்குள்ள அக்காவுக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்."

எனக்கு இது நல்ல நகைச்சுவையாகப் பட்டது. கல்லூரியிலும் சொன்னேன். உதட்டை அசைத்து, காற்றில் ஸ்கேலை இறக்கி நடித்தும் காட்டினேன். மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரயிலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, அவர் அறுபத்து நான்காம் பக்கத்தில் இருந்தார். புத்தகத்தை ஸ்கேல் மேலே மூடிவிட்டு என் அறைக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீ சொன்னது சரிதாண்டா. ஏழாவதுக்கு நான் போய்ச் சேர மாட்டேன். நீ படிச்சவன்தானே. அதுல என்னதான் சொல்றாங்க?"

அவர் கேட்ட விதத்தில் ஒரு நோயாளியின் மரியாதை இருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

"மனசுல இருக்கறதை எல்லாம் ஒண்ணு விடாம எழுதணும், சித்தப்பா. எழுதி, அவங்களை உட்கார வெச்சு, முன்னாடியே வாசிச்சுக் காட்டணும். அவ்வளவுதான்."

"நடுவுல அவ ஏதாவது சொன்னா?"

"நிறுத்தக் கூடாது. முழுசா வாசிச்சுடணும்." இதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம், டீ நேரத்தில், சித்தப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்தார். கையில் அவருடைய கம்பெனியின் சர்வீஸ் படிவம். புகார், காரணம், செய்த வேலை என்று மூன்று கட்டம் அச்சடித்தது. பழகிய தாளில்தான் அவருக்குக் கை ஓடும்.

"உட்காரு பாப்பா" என்றார். அக்கா ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள்.

"ஒண்ணு. நீ பிறந்தப்ப எடை கம்மி. ரெண்டு. மூணு வயசுல மழைச் சத்தத்துக்கு அழுதிருக்க. மூணு..."

"அம்மா, இது என்னன்னு கேளு."

சித்தப்பா நிறுத்தவில்லை. நிறுத்தக் கூடாதே. "மூணு. ஸ்கூல் பஸ்ல ஏற மாட்டேன்னு கம்பியைப் புடிச்சுக்கிட்ட. நாலு. போன் பண்ணது என் கடமை. அஞ்சு..." ஐந்தில் அவர் குரல் ஏறிவிட்டது. மொத்தம் பதினான்கு இருந்தது. அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அறைக் கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தினாள். அதுதான் பயமாக இருந்தது.

சித்தப்பா ஐந்தாவதை மூடிய கதவைப் பார்த்து வாசித்து முடித்தார். ஆறு வாசிக்கவில்லை.

"எந்த மகராசன் சொல்லிக் குடுத்தான் இதை?" என்றாள் சித்தி.

சித்தப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. படிவத்தை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்து, தாழ்ந்த குரலில், "புத்தகத்து மேல தப்பில்லடா. நான்தான் சரியா வாசிக்கல. அஞ்சுல குரல் ஏறிடுச்சு" என்றார்.

அவர் திட்டியிருந்தால் நான் ஒரு பதில் வைத்திருந்தேன், நல்ல பதில். அவர் திட்டவில்லை. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதற்காகத்தான் புத்தகத்தை எடுத்து ஏழாவது அத்தியாயத்தைத் திறந்தேன். முதல் வரியே இப்படி இருந்தது: குடும்பங்கள் செய்யும் தவறுகளில் மிகவும் நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவது இதுதான்.

புத்தகம் எழுதிய அந்தம்மா பதினெட்டு வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறார். எழுதி வாசிப்பவரை இடைமறிக்க முடியாது. இடைமறிக்க முடியாத சண்டை சண்டையே அல்ல, தீர்ப்பு என்கிறார். பதினெட்டில் பதினேழு வீடுகளில் கேட்டவர் எழுந்து போனார். ஒரு வீட்டில் மட்டும் போகவில்லை. அவருக்குக் காலில் கட்டு.

எட்டாவது அத்தியாயத்தையும் படித்தேன். பிறகு சித்தப்பாவிடம் போனேன்.

"சித்தப்பா, அந்தப் புத்தகத்தை நான் படிக்கல."

அவர் பாதி திரும்பினார். "எது, ஏழாவதா?"

"முழுசாவே. பட்டியல்ல இருக்கற பத்தையும்."

"பத்துமா?"

"பத்தும்."

"அந்த வரிசையில நிக்கறதைப் பத்தினது?"

"அதுவும்."

"அடப்பாவி" என்றார். கோபமே இல்லை. "அது நல்லாருக்கும் போலிருக்கேன்னு நினைச்சேனே. அடுத்து அதைத்தான் எடுக்கலாம்னு..." கொஞ்சம் யோசித்தார். "சரி, இப்பவாவது படிச்சியா? என்ன போட்டிருக்கு?"

வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அதையும் எண் போட்டு எழுதி, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்விடுவார்.

"இன்னும் முடிக்கல சித்தப்பா" என்றேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை.

சனிக்கிழமை மதியம் சித்தப்பா கருவிப் பெட்டியைத் தூக்கினார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒரு மாதமாக மூன்றாவது மாடியில் கதவு மூடாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. ஊர் லிஃப்ட் எல்லாம் பார்த்துவிட்டு வீட்டு லிஃப்ட்டைக் கடைசியில் பார்ப்பது அவர் வழக்கம். ஆனால் காலையில் அக்காவின் பெட்டிகள் இறங்க வேண்டும்.

"டார்ச் புடிக்க வாடா."

இந்த இரண்டு வருடமாக டார்ச் பிடிப்பது நான். அதற்கு முன்னால், எட்டு வயதிலிருந்து, அக்கா. நான் வலது மணிக்கட்டில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

"கை சுளுக்கிக்கிச்சு சித்தப்பா. தூக்கவே முடியல."

சித்தி என் கையைப் பார்த்தாள். "இந்த புரொபசருக்கு நாக்கு ஒண்ணுதானே வேலை செய்யும், அதுல சுளுக்கு வராதான்னு நான் காத்துக்கிட்டிருக்கேன், கையில வந்திருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, உள்பக்கம் திரும்பி, "ஏண்டி, உன் பெட்டி நாலு மாடி நடந்து இறங்கணுமா, இல்ல ஒரு அரை மணி நேரம் டார்ச் புடிக்கறியா?" என்று கத்தினாள்.

அக்கா வந்தாள். யாரையும் பார்க்காமல் டார்ச்சை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், மூன்றாவது மாடிக்கு மேலே, படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஆள் தெரியாது, பேச்சு கேட்கும். முதலில் பேச்சே இல்லை. திருகாணி ஒன்று தட்டில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"நேரா புடி" என்றார் சித்தப்பா. யாரிடம் சொல்கிறோம் என்பதை மறந்து சொன்னதுபோல இருந்தது.

"நேராத்தான் புடிச்சிருக்கேன். உங்க தலை மறைக்குது."

பேச்சு நின்ற முப்பத்து நான்காவது நாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ."

"இங்கயா?"

"அங்கதான். தூசி எப்படி அடைச்சிருக்கு பாரு. கதவு எப்படி மூடும்?"

தூரிகையால் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அக்காவின் குரல், டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.

"அப்பா. நான் பயந்த சுபாவமா?"

தேய்ப்பது நின்றது.

"நான்தான் பாப்பா பயந்த சுபாவம்" என்றார் அவர். "அதை அந்த மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்றது? உன் பேரைச் சொல்லிட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "சின்ன ஸ்க்ரூ டிரைவரா, பெரிசா?" என்று கேட்டாள்.

"சின்னது."

எட்டாவது அத்தியாயத்தில் கிட்டத்தட்ட இதுதான் இருந்தது. நின்ற பேச்சு, இரண்டு பேரும் மூன்றாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் திரும்பத் தொடங்குகிறது. முதல் வார்த்தை பெரும்பாலும் ஒரு அதட்டல்தான். ஆனால் 'சின்னது' என்று சித்தப்பா சொன்ன குரல் அதில் இல்லை. அந்தம்மா நானூறு வீடுகளில் உட்கார்ந்திருந்தபோது அதைக் கேட்டிருப்பார் என்று தோன்றியது. முன் பக்கங்களில் எங்காவது எழுதியிருக்கக்கூடும்.

அறுபத்து நான்காம் பக்கத்தில் சித்தப்பாவின் ஸ்கேல் இருந்தது. என் பஸ் டிக்கெட்டை அந்த இடத்தில் வைத்துவிட்டு ஸ்கேலை உருவினேன். கீழே கதவு ஒருமுறை மூடித் திறந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னார்கள்.

முதல் பக்கத்தைத் திறந்து, முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தேன். மணிக்கட்டில் துண்டு இருந்ததால் நேராக வைப்பது கொஞ்சம் சிரமமாக இருந்தது. நான்காவது வரியில் ஒன்று புரியவில்லை. ஒரு வரி மேலே ஏற்றி, உதட்டை அசைத்துப் படித்தேன்.